வெளியார் பிள்ளை ஒன்று

வரி கட்டுவதைப் பற்றி யாரும் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. டியூஸ்பரியில் மெத்தை தைக்கிறவர்களானாலும் சரி, அதை வாங்கிப் படுக்கிறவர்களானாலும் சரி, சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் முகம் சுருங்கிவிடும். மெத்தைத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வருடக்கணக்காக அந்த முகங்களைப் பார்த்தவன் நான். அதனால்தான் வவுச்சர் திட்டம் என் கண்ணில் பட்டபோது உற்சாகமாக இருந்தது. வரி பிடித்துக்கொண்டே இருந்த கைக்கு, கொடுக்கவும் ஏதோ கிடைத்தது.

திட்டத்தில் சிக்கல் ஒன்றுமில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாக வாங்காமல், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கும் வவுச்சராக வாங்கிக்கொண்டால், அந்தப் பகுதிக்கு வரி இல்லை. முதலாளியிடம் நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தது நான்தான். தையல்காரிகள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் புரியவைத்ததும் நான்தான். வெள்ளிக்கிழமைகளில் பப்பில் என் கிளாஸ் காலியாக இருந்ததே இல்லை. "எதுன்னாலும் டெஸ்ஸைக் கேளு" என்று ஆகிவிட்டது. என் சொந்த வீட்டில்கூட எனக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

பிறகு எங்களுக்கே பிள்ளை பிறந்தது. இமோஜன். நாங்கள் இமோ என்று கூப்பிடுவோம். என் மனைவி ஹெதர் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது, பிள்ளையை என் தங்கை ஜனீனிடம் விடுவதென்று முடிவு செய்தோம். ஜனீன் தனியாக இருந்தாள். பேக்கரி வேலை போய்விட்டிருந்தது. இமோ என்றால் அவளுக்கு உயிர். என் தங்கை பொல்லாதவள் என்று இப்போது பத்திரிகைகளில் போடுகிறார்கள். அவள் பொல்லாதவள் இல்லை. பொறுமை குறைவானவள், அவ்வளவுதான். அந்தப் பொறுமை முழுவதையும் இமோவுக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

முறைப்படி பதிவு செய்துகொண்டால் ஜனீனுக்கும் வவுச்சரில் கொடுக்கலாம். பதிவு வேலைகளை நானே முன்நின்று முடித்தேன். ஆனால் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வதானால் இன்னொரு விதியும் உண்டு. உறவில்லாத பிள்ளை ஒன்றையாவது அவர் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்குள்ளேயே வவுச்சரை மாற்றிக்கொள்வார்களே என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். நியாயமான விதிதான். எத்தனையோ பேருக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆக எங்களுக்கு வெளியார் பிள்ளை ஒன்று தேவைப்பட்டது.

ஜனீனுக்கு இஷ்டமில்லை. "எனக்கு நம்ம இமோ போதும், டெஸ். ஊரான் பிள்ளையெல்லாம் என் தலையில கட்டாத" என்றாள். ஒரே ஒரு பிள்ளைதான், பேருக்குத்தான் என்று சொன்னேன். பேருக்கு என்ற சொல்லை நான்தான் முதலில் சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கிர்ஸ்டி ஹோல்ராய்ட் மெத்தைக்கு ஓரம் தைக்கிற பெண். புருஷன் இல்லை, கைக்குழந்தை ஒன்று, ரோவன். வவுச்சர் வாங்கிக்கொள்கிற நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். என் தங்கை இருக்கிறாள் என்றேன். நம்பி விடலாமா என்று கேட்டாள். "என் பொண்ணையே அங்கதானம்மா விட்டிருக்கேன்" என்றேன். அன்றைக்கு அது முழு உண்மை. அவள் கண் கலங்கிவிட்டது. மறுநாள் எனக்கு எலுமிச்சை கேக் செய்து கொண்டுவந்தாள்.

ரோவன் அழுகிற குழந்தை. சில குழந்தைகள் அப்படித்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. தூக்கினால் நிறுத்துவான், இறக்கினால் தொடங்குவான். முதல் சில வாரங்கள் ஜனீன் தினமும் எனக்குப் போன் போட்டுப் புலம்பினாள். அவனைத் தூக்கிக்கொண்டே இருப்பதால் இமோவோடு உட்கார முடியவில்லை, இமோ ஏங்கிப்போகிறாள் என்றாள். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் பழகட்டும் என்றேன். பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

கிர்ஸ்டி சந்தோஷமாக இருந்தாள். கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "உங்க தங்கச்சி என்ன மாயம் பண்ணுறாங்கன்னே தெரியல, பூனைக்குட்டி மாதிரி ஆயிட்டான்" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். தெரியாத காலத்தையும் தெரிந்த காலத்தையும் நான் கலக்க விரும்பவில்லை.

தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியென்றால் எங்கள் தொழிற்சாலை மதியத்தோடு மூடிவிடும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, சொல்லாமல் ஜனீன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் இமோ மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். மூக்கெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் கையை விரித்தாள். ரோவன் எங்கே என்று கேட்டேன். பின் அறையில் திரை போட்டிருந்தது. காரில் குழந்தையை வைத்துக் கட்டுகிற இருக்கையைத் தரையில் வைத்து, அதிலேயே அவனைத் தூங்கவைத்திருந்தாள். தாடை நெஞ்சில் இடித்தபடி கிடந்தான். கன்னத்தைத் தட்டிப் பார்த்தேன். முனகினான், கண் திறக்கவில்லை.

ஜனீன் எதையும் ஒளிக்கவில்லை. அலமாரியில் மருந்து பாட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரியே இருந்தது. அரிப்புக்குக் கொடுக்கிற, தூக்கம் வரவைக்கிற சிரப். பாலில் கலந்து கொடுக்கிறாளாம். "பின்ன என்ன செய்யச் சொல்ற? நீதானே கொண்டுவந்து விட்ட" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை முடிவில் சொல்கிறேன். கொஞ்சம் தேநீர் குடித்துக்கொள்கிறேன்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்டீர்கள். தடுத்திருந்தால் ஜனீன் அவனை அனுப்பியிருப்பாள். வெளியார் பிள்ளை போனால் எங்கள் வவுச்சரும் போகும். திட்டத்தில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்த சமயம் அது. உள்ளே இருப்பவர்கள் இருக்கலாம், வெளியே போனவர்கள் திரும்ப முடியாது. எனக்கும் ஹெதருக்கும் ஃபைலியில் கடலைப் பார்த்தபடி, விடுமுறைக்குத் தங்க ஒரு கேரவன் வீடு வாங்க வேண்டும் என்று ஆசை. பெரியது இல்லை, பழையதுதான். இமோவுக்கு மணலில் விளையாடப் பிடிக்கும். மிச்சமாகிற வரியெல்லாம் அதற்கென்று போய்க்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு ஒருநாள் கிர்ஸ்டி ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை அவள் முகத்தில் சிரிப்பில்லை. கூட்டிப்போக வரும்போது ரோவன் துணி பொம்மைபோலத் துவண்டு கிடக்கிறான், ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கத்துகிறான் என்றாள். பாட்லியில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறதாம், அங்கே மாற்றலாமா என்று யோசித்தாள். "உங்க தங்கச்சிய ஒண்ணும் சொல்லலைங்க, எனக்குத்தான் மனசு கேக்கல" என்றாள்.

வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான் தூங்கும் என்றேன். இப்போது இடம் மாற்றினால் வவுச்சர் கணக்கு குழம்பிவிடும், திட்டத்தில் இருந்தே பெயர் போனாலும் போய்விடும் என்றும் சொன்னேன். அது பொய். யாரிடம் விட்டாலும் வவுச்சர் செல்லும், காப்பகத்தைப் பதிவு செய்திருந்தால் போதும். அது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அதனால்தான் அவள் என்னிடம் கேட்டாள். "நீங்க சொன்னா சரிதான் டெஸ்" என்று போய்விட்டாள்.

அன்று மாலை ஜனீனுக்குப் போன் செய்து கொஞ்சம் குறைத்துக்கொள் என்றேன். நிறுத்து என்று சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் ஒன்று குறைகிறது. ஜனீன் ஆம்புலன்ஸுக்கு முன்னால் எனக்குத்தான் போன் செய்தாள். சம்பளம் போடுகிற நாள், ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "டெஸ், அவன் எந்திரிக்க மாட்டேங்குறான்" என்றாள். அவள் குரல் சின்ன வயதில் இருந்ததுபோல இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, நம்ம இமோ எங்கே என்பது. அறை வாசலில் நிற்கிறாள் என்றாள். முதலில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா, அவள் இதையெல்லாம் பார்க்க வேண்டாம், அதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றேன். பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் திறக்க நேரமாகும். அது எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் கிர்ஸ்டியின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஜனீன் என் பெயரைச் சொல்லவே இல்லை. அன்று ஒருநாள் மட்டும் மருந்தைத் தானாகக் கொடுத்ததாக உங்களிடம் சொல்லிவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வக்கீலும் அதைத்தான் சொல்கிறார். நான் பேசாமல் இருந்திருந்தால் இது இப்படியே முடிந்திருக்கும்.

அடக்கத்தின்போது கடைசி வரிசையில் நிற்பதாகத்தான் இருந்தேன். கிர்ஸ்டி என்னைப் பார்த்துவிட்டாள். நடந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பில் எடையே இல்லை. "உங்களுக்கும் கஷ்டம்தான், கூடப் பிறந்தவளாச்சே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவள் திட்டியிருந்தால், முகத்தில் துப்பியிருந்தால், நான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். அவள் ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹெதர் என்னவென்று கேட்கிறாள். இமோ மடியில் ஏறி உட்கார்ந்தால் இறக்கிவிட்டு எழுந்துவிடுகிறேன். என் பாவம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், மன்னிப்புக்காக வரவில்லை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் ஆரஞ்சு நிறக் கோப்பையை நான் உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். மூடியும் உறிஞ்சு மூக்கும் வைத்த குழந்தைக் கோப்பை. அதில் கறுப்பு மையில் ரோவன் என்று எழுதியிருக்கிறது. கிர்ஸ்டி எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளையை விடுகிற எல்லா அம்மாக்களும் கோட்டிலும் கோப்பையிலும் பெயர் எழுதித்தான் அனுப்புவார்கள். கிர்ஸ்டி எழுதவில்லை. அவளிடம் கேட்டுப் பாருங்கள். சந்தையில் ஜனீன் ஒரே மாதிரி இரண்டு கோப்பை வாங்கியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டும் அருகருகே காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பகீரென்றது.

மெத்தையில் குறியிடுகிற பேனா எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். ஒரு கோப்பையை எடுத்து நன்றாகத் துடைத்து, எழுத்து அழியாதபடி மூன்று முறை மேலே மேலே எழுதினேன். ஜனீன் கையில் கொடுத்தேன். "இதுலதான் கலக்கணும். நம்ம இமோவுக்கு மாறிப் போயிடக் கூடாது" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில்.

கடைசிவரை மாறிப் போகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நானும் என் தங்கையும் ரொம்பக் கவனமாக இருந்தோம்.