முதல் நாள் ரத்தம்

இல்லை. எந்த வைரஸும் அக்காவைக் கொல்லவில்லை. இந்த அஞ்சலிக் கூட்டத்தின் வாசலில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் கேட்டீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் கிருமிகளுக்கு நடுவே இருந்தவர் ஆயிற்றே என்றீர்கள். இதயம் நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன்.

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வக நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் மாமா, அக்காவின் கணவரே, வணக்கம்.

எங்கள் வைரஸ் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர் அவர். எங்களுக்கு ஐஸ் அக்கா. எப்போதும் கையில் ஒரு ஐஸ் பெட்டி. எங்களில் அவர் ஊசி படாத கை உண்டா? வேலையில் சேரும் எவரிடமும் முதல் நாளே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, அதில் தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்து உறைய வைப்பார். பின்னாளில் கிருமி பட்டதா என்று பார்க்க அதுதான் ஒப்பீடு. எனக்கு எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வைரஸ் படிச்ச பொண்ணு ஊசிக்குப் பயப்படுது பாரு! நீ சுத்தமா வந்தேங்கிறதுக்கு இதுதான் சாட்சி. இனிமே எங்கிட்ட பொய் சொல்ல முடியாது."

சொன்னேன்.

பொய் சொன்னது நான்கு ஆண்டுகளுக்கு முன். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. அப்படியே கழிவுத் தொட்டியில் போட வேண்டும். நான் மூடியைப் போட்டேன். வைரஸ் படிந்த ஊசி கையுறையைத் துளைத்து விரலில் குத்தியது. அந்த வாரம்தான் என் பணி நிரந்தரமாக்கப்பட இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். நான்காம் நாள் காய்ச்சல். மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தேன்.

அக்கா விரலைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பிளாஸ்திரியைப் பிரித்தார்.

"என்னடி இது?"

"காகிதம் கிழிச்சிடுச்சு அக்கா."

"காகிதம் ஓட்டை போடுமா?"

வைரஸ் என்பது என்ன? புரத உறைக்குள் ஒரு குறிப்பு. தனியாக இருந்தால் அதனால் எதுவும் செய்ய முடியாது. செல்லுக்குள் நுழைந்துவிட்டால், செல் தன் வேலையை விட்டுவிட்டு அந்தக் குறிப்பைப் படியெடுக்கத் தொடங்கும். ஆனால் செல் சும்மா இருப்பதில்லை. அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்பும். தனக்குள் உருவாகும் வேற்றுப் புரதத்தின் ஒரு துண்டை மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். சுற்றிவரும் வெள்ளணு அதைக் கண்டால் அந்தச் செல்லையே கொல்லும். ஆனாலும் காட்டுகிறது!

"கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லு, உள்ள நடக்கிறத வெளிய காட்டுது. நீ பிளாஸ்திரி ஒட்டிட்டு வர்ற" என்றார் அக்கா.

"வேலை போயிடும் அக்கா."

"போகாது, நானாச்சு. நாலு நாளா யார் யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட? ஒருத்தர் விடாம சொல்லு."

சொன்னேன். மூன்றாவதாகச் சொன்னது அலுவலகத் தட்டச்சரை. ஏழு மாதக் கர்ப்பிணி. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேனாவை எடுத்தார்.

எங்களைத் தனித்தனியே வைத்தார்கள். உடலில் முதலில் வரும் காவலுக்கு எதிரியின் முகம் தெரியாது. அது பொதுவாகப் போரிடும். அந்தப் போரின் சூடுதான் காய்ச்சல். அதற்குள், எத்தனையோ லட்சம் செல்களில் இந்த வைரஸுக்குப் பொருந்துகிற ஒரு சிலவற்றை உடல் தேடிப் பிடித்துப் பெருக்கும். அவை அந்த வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். போர் முடிந்தபின்னும் நினைவோடு சில செல்கள் தங்கும். மூன்று வாரம் கழித்து அக்கா மீண்டும் ரத்தம் எடுத்தார். முதல் நாள் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லை. இதில் இருந்தது. தட்டச்சரின் ரத்தத்தில் எதுவும் இல்லை.

விபத்து அறிக்கையில் அக்கா இப்படி எழுதினார்: "பயன்படுத்திய ஊசியைத் தட்டில் விட்டது நான். அவள் உடனே சொன்னாள். பதிவு செய்யாமல் தாமதித்ததும் நான்."

வேலை போகாது என்று எனக்குக் கொடுத்த வாக்கு அது. இயக்குநர் அவர்களே, அந்த அறிக்கையை நம்பித்தான் 'கவனக்குறைவு' என்று அவர் கோப்பில் எழுதினீர்கள். தலைமைத் தொழில்நுட்பர் பதவி வேறொருவருக்குப் போனது.

நேற்று மாமா என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு தடவதாம்மா அவளுக்குக் கை தவறிடுச்சு. கடைசி வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசல."

மாமா, அவர் கை தவறவில்லை. தவறியது என் கை!

அக்கா பொய் எழுதியது சரியா? இல்லை. அந்தப் பொய்க்குப் பின்னால் நான்கு ஆண்டுகள் நான் ஒளிந்திருந்தது? அதைவிடத் தவறு. செல் தூக்கிக் காட்டும் அந்தத் துண்டை மேலே வரவிடாமல் தடுக்கிற வைரஸ்கள் உண்டு. அவற்றைத்தான் நான் ஆராய்கிறேன். என்ன சொல்ல!

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். இதோ, இயக்குநர் மேசையில் வைக்கிறேன். அக்காவின் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். என் கோப்பில் எழுதுங்கள். நாளை ஒருவர் புதிதாகச் சேர்கிறார். நான் வேலையில் இருந்தால், அவரது முதல் நாள் ரத்தத்தை நானே எடுப்பேன். ஊசி குத்தினால் எந்த நேரமும் வந்து சொல்லலாம் என்று சொல்லிக் கொடுப்பேன். அதற்காக யாரும் பொய் எழுத வேண்டியிராத ஆய்வகமாக இதை ஆக்குவோம். அக்காவுக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அவரிடம் கேட்டேன். "எம்மேல கோபமே இல்லையா அக்கா?"

அக்கா குழாயின் மேல் தேதி எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு தட்டச்சருக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்.