கலங்கிய குழாய்

நான் வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

கண் சொட்டு மருந்து செய்யும் கம்பெனியில் எனக்குச் சோதனைக்கூட வேலை. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் இருபது பாட்டில் எடுத்து, கிருமி வளர்வதற்கான சத்துநீர்க் குழாய்களில் அந்த மருந்தை விட்டு, பதினான்கு நாள் சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். குழாய் கலங்கினால் மருந்தில் கிருமி இருக்கிறது. தினமும் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நான் சேர்ந்த வாரமே மேனேஜர் சொல்லிவிட்டார்.

“பதினாலு நாளுக்கும் இன்னிக்கே ‘தெளிவு’ன்னு எழுதிடும்மா. தினம் எழுதினா ஒருநாள் நீல மை, ஒருநாள் கறுப்பு மைன்னு ஆகும். ஆடிட்டர் நோண்டுவான்.”

பதினொரு வருடம் அப்படியே எழுதினேன். ஒரு குழாயும் கலங்கவில்லை. நீங்கள் விசாரிக்கிற இந்த பேட்ச்சில் பன்னிரண்டாம் நாள் ஒன்று கலங்கியது, பால் டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரி. மருந்து ஏற்றிய லாரி அதற்கு ஒரு வாரம் முன்பே போய்விட்டது. தாளில் என் கையெழுத்து. அதை அடித்தால் பதினொரு வருடத் தாளையும் கிளறுவார்கள். குழாயைக் கழுவி, புதுச் சத்துநீர் ஊற்றி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மருந்து நிரப்பும் அறையில் ஏசி ஒழுகியது. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாத் தாளிலும் எனக்குக் கீழே கையெழுத்துப் போட்ட மேனேஜர், இப்போது என்னை யாரென்றே தெரியாத மாதிரி பேசுகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

பேக்கிங் அக்கா தினமும் என் பக்கத்தில்தான் சாப்பிடுவார். ஒருநாள் பையிலிருந்து எங்கள் பாட்டிலை எடுத்துக் காட்டினார். அந்த பேட்ச்தான்.

“அம்மாவுக்குக் கண்ணு எரியுதாம். நீ பாத்து அனுப்புனதாச்சே, நம்பிப் போடலாம்ல?”

“தாராளமாப் போடுங்கக்கா.”

வேறென்ன சொல்ல முடியும்? மூன்றாவது வாரம் அந்த அம்மாவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அக்கா நேராகச் சாப்பாட்டு அறைக்கு வந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி, பாவி.”

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆபத்து என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியாது. என் கை பட்டுக்கூட அந்தக் குழாய் கலங்கியிருக்கலாம் என்றுதான் மனதார நம்பினேன். என் மகள் அதே மருந்தை வாங்கி வந்தபோது பிடுங்கிக் கழிப்பறையில் ஊற்றினேனே, அது வேறு விஷயம். அவளுக்குப் பொறுப்புப் போதாது, மூடியைத் திறந்தபடி எங்காவது போட்டுவிடுவாள்.

ஊற்றியது எந்த நாள் என்றா? அக்கா பாட்டிலைக் காட்டி, நம்பிப் போடலாமா என்று என்னிடம் கேட்டதற்கு முந்தின நாள்.