கம்பத்தின் நுனிப்பக்கம்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஐயா. சைக்கிளே கொஞ்சம் சந்தேகம்தான். இறங்கும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இதை முதலில் சொல்லிவிட்டால், இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த ஆசை எதுவும் கிடையாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

என் பெயர் அந்தோணிசாமி. தாம்பரத்துக்குத் தெற்கே, பீர்க்கன்கரணைக்குத் திரும்பும் சாலையில் பதினாறு வருஷமாக ரயில்வே கேட் கீப்பர். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். நான் வேண்டுமென்றே ரயிலை நிறுத்தினேன் என்று இந்த விசாரணையில் முடிவானால் பென்ஷன் போய்விடும், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். கேட்டைத் தூக்கி இறக்கும் வின்ச் சிக்கிக்கொண்டது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று யூனியன்காரர் பட்டாபிராமன் சொன்னார். அந்த ஒரு வரியை என் மனைவி அம்மணி மூன்று நாள் எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தாள். "வின்ச்சு சிக்கிக்கிச்சு. அவ்ளோதான். அதுக்கு மேல வாயத் தொறந்துடாத" என்று இன்று காலையில்கூடக் கண் கலங்கச் சொல்லி அனுப்பினாள்.

வின்ச் சிக்கவில்லை, ஐயா. அதற்கு முந்தின வாரம்தான் நானே கிரீஸ் போட்டேன்.

என் மகள் புஷ்பத்தின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி தருவதாகப் பேச்சு. மாப்பிள்ளை துரை மேற்குத் தாம்பரத்தில் மெக்கானிக், தங்கமான பிள்ளை. எந்த வண்டி வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. ஆர்எக்ஸ் 100 என்று நான்தான் முடிவு செய்தேன். கேட் கம்பம் உயர்ந்ததும் எந்த வண்டி முதலில் பாய்கிறது, எது இருமுகிறது, எது உதைக்க உதைக்கக் கிளம்பாமல் ஓட்டுகிறவன் மானத்தை வாங்குகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தவன் நான். அந்த அனுபவம் ஷோரூம்காரனுக்குக்கூட இருக்காது.

கல்யாண விருந்தில் ஜெயவேலு எழுந்து நின்றார். ஏரியோரம் நிலம் விற்ற பொன்னுரங்கத்தின் பிள்ளை. அவரிடம் ராஜ்தூத் 350 இருந்தது. கையில் கலர் பாட்டிலோடு, "இன்னாண்ணா, மாப்ளைக்கு வண்டி வாங்கித் தரேன்னு சொல்லிட்டு மிக்ஸி வாங்கிக் குட்த்துகீறே?" என்று கேட்டார். ஆர்எக்ஸின் சத்தத்தைத்தான் அப்படிச் சொன்னார். பந்தலே சிரித்தது. சர்ச் உபதேசியார் சாம்பார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது என்னைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை. எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மதியம் ஒன்றே கால் மணி, மூன்றாவது பந்தி.

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். ராஜ்தூத் 350-க்கு இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஆர்எக்ஸுக்கு ஒரு சிலிண்டர், நான்கு கியர். போன வருஷம் துரை என்னைப் பின்னால் உட்காரவைத்து இருங்காட்டுக்கோட்டைக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனார். அந்த மாதிரி வழவழப்பான ட்ராக்கில் 350-ஐ நூறு ஜெயிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்த் தெருவில் 350 ஓட்டுவது குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிற கதை. எருமை நிற்கும், பள்ளம் இருக்கும், நடுவில் தண்டவாளம் நான்கு முறை தூக்கிப் போடும். இங்கே எடை குறைந்த வண்டிதான் கெட்டிக்கார வண்டி. இதை நிரூபிக்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே கோட்டில் நின்று ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் அதற்கு ஒருவர் கொடி வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னிடம் கேட் இருந்தது.

சிக்கல் என்னவென்றால் துரை எட்டு முப்பத்திரண்டுக்கு வருவார், ஜெயவேலு எட்டு நாற்பதுக்கு வருவார். எட்டு முப்பத்தைந்துக்கு ரயில் போய்விடும். எனவே கம்பத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தூக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம். ஜெயவேலு சில நாள் இட்லியை நிதானமாகச் சாப்பிடுகிறவர், அப்போது பதினைந்து நிமிஷம். மீன்காரர் தனக்கோடியின் ஐஸ் உருகித் தண்ணீராக ஓடும். "இன்னாய்யா, ரயிலே வரல, கேட்டு மட்டும் மூடிக்கினு கீது? ஒரே பேஜாராப் போச்சு" என்று கத்துவார். அடுத்த ரயில் வருகிறது என்பேன். அது பொய்யில்லை. அடுத்த ரயில் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு நாள் இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. அன்று ஆட்டோவில் கங்கையம்மாள் தன் மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். குழந்தை கேட்டிலேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, தாயும் சேயும் சுகம். ஆஸ்பத்திரியிலும் உட்காரவைத்துத்தானே இருப்பார்கள். அன்று ஆர்எக்ஸ் ஒன்றரை வண்டி நீளத்தில் ஜெயித்தது.

கேட் ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் தேதிவாரியாக எழுதி வைத்தேன். உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆர்எக்ஸ் அறுபத்தொன்று, 350 ஒன்பது. எல்லாம் கேட்டிலிருந்து டீக்கடை வரை. தான் ரேஸில் இருப்பது துரைக்குத் தெரியாது என்பது உண்மைதான். அவர் பாட்டுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று போனார். தெரியாமல் ஓடும்போதுதான் வண்டியின் உண்மையான குணம் வெளிப்படும்.

கம்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு பக்கம் ஊன்றியது. தூக்கும்போது நுனிப்பக்கம் சட்டென்று உயர்ந்து வழிவிடும். அடிப்பக்கம் தாழ்ந்தே இருந்து மெதுவாக எழும். துரை நுனிப்பக்கம் நிற்பார். ஜெயவேலுவை அடிப்பக்கம் நிற்கச் சொன்னது நான்தான். அங்கே வேப்பமர நிழல் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை வெயிலில் நிற்க வேண்டாமே என்றுதான்.

போன மாதம் டீக்கடையில் இந்தக் கணக்கை வாசித்துக் காட்டினேன். கேட்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். ஜெயவேலு சிரிக்கவில்லை. "அண்ணா, டீக்கடை வரைக்கும் ஒரு பந்தயமா? ஏரிக்கரை மதகு வரைக்கும் போயி, திரும்பி உன் கேட்டுக்கே வரணும். அப்போ தெரியும் எது வண்டி, எது மிக்ஸின்னு" என்றார். கடையில் இருபது பேர் இருந்தார்கள்.

துரை அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார். "மாமா, வேணாம் மாமா. அது முன்னூத்தம்பது, இது நூறு. அந்த வண்டிய சர்வீஸ் பண்றதே நான்தான். எனக்குத் தெரியாதா?" புஷ்பமும் அழுதாள். சின்னஞ்சிறுசுகள், அவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு. மாமனார் பேச்சைத் தட்ட மாட்டார் என்பதால் துரை கடைசியில் தலையாட்டினார்.

இந்த மாதம் ஏழாம் தேதி காலை ஏழு ஐம்பதுக்குக் கம்பத்தைத் தூக்கினேன். வண்டிகள் கிளம்பின. அவை மதகுக்குப் போய்த் திரும்பும் வரை கேட் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் வருகிறது, கேட்டை மூடு என்று போன் வந்தது. கேட்டை மூடினால்தான் கைகாட்டி இறங்கி ரயிலுக்கு வழிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மூடவில்லை. ஸ்பெஷல் கைகாட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கூவியது. ஆபத்து ஒன்றும் இல்லை. சிவப்புக்கு ரயில் நிற்பதுதான் விதி. வழியில் மாட்டு மந்தை குறுக்கே வந்ததால் பந்தயம் கொஞ்சம் இழுத்துவிட்டது. ரயில் நின்றது மொத்தம் பதினோரு நிமிஷம். அந்த ரயிலில் நீங்கள் இருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பனியனோடு, பாதி முகத்தில் சவர நுரையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் நீங்கள்தான் என்று இப்போது அடையாளம் தெரிகிறது. சாட்சியே விசாரிக்கலாமா என்று ஆட்சேபிக்கும்படி பட்டாபிராமன் சொன்னார். நான் ஆட்சேபிக்கவில்லை. முடிவைப் பார்த்த பெரிய மனிதர் ஒருவராவது இருப்பது நல்லதுதான்.

ஆமாம், திரும்பி வரும்போது ஜெயவேலு முன்னால் இருந்தார். எவ்வளவு முன்னால் என்று கேட்டால், துரை கண்ணுக்கே தெரியவில்லை. புகை மட்டும் தெரிந்தது. ஜெயவேலு கேட்டை நெருங்கி, ஒரு கையை விட்டு என்னைப் பார்த்து மிக்ஸி சுற்றுவது போலச் சைகை காட்டினார். அந்த நேரத்தில் எனக்கு ரயில் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. கடமை கடமைதானே. உடனே கம்பத்தை இறக்கினேன். கேட்டின் இரண்டு கம்பங்களில் ஏரிப்பக்கக் கம்பத்தை மட்டும்தான். மற்றதை அப்புறம் இறக்கலாம் என்று விட்டேன். ஜெயவேலு பிரேக் அடித்து, வழுக்கி, மாட்டுச் சாணியில் போய் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை, சட்டைதான் போயிற்று. அதற்குள் துரை வந்துவிட்டார். நுனிப்பக்கம் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இன்னும் இடம் இருந்தது. வின்ச்சைச் சுற்றிய என் கையும் அந்த அளவில் தற்செயலாக நின்றுபோயிருந்தது. "மாப்ளே, குனி" என்று மட்டும் சொன்னேன். குனிந்து வந்துவிட்டார்.

பதினோரு நிமிஷம் வராத நினைவு அந்த ஒரு நொடியில் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். மனித மனம் அப்படித்தான், ஐயா.

தான் ஜெயிக்கவில்லை என்று துரை எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடக்கமான பிள்ளை. அன்றிலிருந்து பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாராம். வண்டி தேயக் கூடாது என்ற அக்கறை.

வின்ச் சிக்கியது என்று நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வின்ச் சிக்கியிருந்தால் அந்தப் பந்தயமே செல்லாது என்று ஆகிவிடும். பென்ஷனை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலை நான்தான் நிறுத்தினேன், வேண்டுமென்றேதான் நிறுத்தினேன், வின்ச் கடைசி வரை பழுதில்லாமல் வேலை செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100 முதலில் வந்தது என்று அதற்குக் கீழே எழுதுங்கள். மூன்றாவது பந்தியில் பேசிய பேச்சு என்னைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை என்று இன்னொரு வரியும் சேர்த்துவிட்டால், நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.