சுடாத கல்

எங்கள் பிசியோதெரபிப் பிரிவுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். முட்டியை மடக்கு, நீட்டு, மறுபடி மடக்கு. யாருக்குச் சிரிப்பு வரும்? நான் மேலாளராக வந்ததும் முதலில் ஜன்னல் திரைகளை மாற்றினேன், பிறகு சிகிச்சைகளை. காந்தப் பட்டை வந்தது, கிண்ணம் தட்டும் வைத்தியம் வந்தது, கடைசியில் என் செல்லப்பிள்ளை சூடுகல் வந்தது. வெந்நீரில் போட்டெடுத்த கறுப்புக் கற்களைப் பாதத்தில் அடுக்குவோம். அந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்குக் கால் தரையில் பாவாது.

தலைமை பிசியோதெரபிஸ்ட் மட்டும் உம்மணாமூஞ்சி. கல் வைக்குமுன் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பாள். தொட்டது தெரியாதவர்களுக்குக் கல் கூடாதாம். அப்படிப் பார்த்ததில் சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள், என் அறை காற்று வாங்கியது. பஞ்சை நிறுத்தினேன்.

“சுட்டா அவங்களே சொல்லப் போறாங்க. வாய் இருக்குல்ல?” என்றேன்.

“சுடுறது தெரிஞ்சாதானே சார் சொல்லுவாங்க?” என்றாள்.

சிரித்துவிட்டேன். பேச்சில் கெட்டிக்காரி.

நிர்வாகக் குழு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால் எல்லாக் கிளைகளிலும் என் கல். ஒத்திகை பார்த்தேன். ஆவி பறந்தால்தான் கல்லுக்கு அழகு. ஆனால் படுத்தவர்கள் எல்லாரும் சுடுது சுடுது என்று காலை உதறிக் காட்சியைக் கெடுத்தார்கள்.

அப்போதுதான் அக்கா நினைவுக்கு வந்தாள். தையல்கடை வைத்திருக்கிறாள். ரொம்ப வருடமாகச் சர்க்கரை. முந்தின வாரம் ஒற்றைச் செருப்போடு எங்கள் வீடு வரை நடந்து வந்தாள். மற்றது எங்கே கழன்றதென்று அவளுக்கே தெரியவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“மிதிக்கட்டையில கால் நிக்க மாட்டேங்குதுடா தம்பி. இந்தக் கால் போனா என் பொழப்பே போச்சு. ஏதாவது பண்ணு,” என்றாள்.

வரச் சொன்னேன். தலைமை பிசியோதெரபிஸ்டை அன்றைக்கு விடுப்பில் அனுப்பினேன். இதை விசாரணையில் நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

அக்கா அசத்திவிட்டாள். கொதிக்கும் கல்லைப் பாதத்தில் வாங்கிக்கொண்டு, குழுத் தலைவரிடம், “உங்க காலர் கோணலா இருக்கு சார், குடுங்க, தச்சுத் தரேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கல்லை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. பாதத்தைத் துண்டால் மூடிவிட்டு, கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன். அவளுக்கு உணர்ச்சி இல்லை என்று தெரியாமலா கூப்பிட்டேன்? தெரிந்ததால்தான் கூப்பிட்டேன்.

புண் புரையோடி, பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். நேற்றுப் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “என் தம்பி கை அவ்வளவு பக்குவம். கல்லு வச்சதே தெரியல.”

என்னிடம் சிகிச்சை எடுத்த யாரும் இவ்வளவு மனம் குளிர்ந்து சொன்னதில்லை. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.