டிராக்டரைத் திருப்பி அனுப்பிய பூவம்மாள்

இரண்டு மணி நேரமாக எல்லாருடைய கோபத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவின் தலைவர் ராமமூர்த்தி ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் பெருமக்களே, கரும்பும் கடலையும் கழனி நிறைய விளைவித்துப் பாலாற்றங்கரையை வாழவைக்கும் பெரியோர்களே, தோல் ஆலையின் பாய்லரை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வாணியம்பாடியிலிருந்து வந்திருக்கும் நவீத் பாய் அவர்களே, பந்தலின் வலப்பக்கத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, உறுப்பினர் இல்லை என்பதால் நாற்காலி கிடைக்காமல் பந்தல்காலருகே நிற்கும் பூவம்மாள் அக்கா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தித் தருகிறார்கள். நன்றி அண்ணா.

ஏழாவது தீர்மானம் சற்றுமுன் வாசிக்கப்பட்டது. 'எரிகட்டை ஆலையின் வாசலில் சரக்குப் பார்க்கும் வேலையிலிருந்து பூவம்மாளை நீக்குவது.' ஒரே வரி. அந்த ஒரு வரியை ஆதரித்து ஆறு பேர் பேசிவிட்டார்கள். எதிர்த்துப் பேச நான் ஒருத்தி வந்திருக்கிறேன். அந்த ஆலையில் அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவள் நான். என் அப்பாவின் அரை ஏக்கருக்கான பங்கு என் பெயரில் இருப்பதால் இந்த அவையில் பேசும் உரிமையும் எனக்கு உண்டு.

கரும்பு வெட்டிய மறுநாள் நம் வயல்களில் என்ன நடக்கும்? காய்ந்த இலைச் சோகைக்குத் தீ வைப்போம். ஊரெல்லாம் புகை, கொடித்துணியெல்லாம் கரி, குழந்தைகளெல்லாம் இருமல். மல்லாட்டை என்னும் கடலையை உரித்த தோலை என்ன செய்வோம்? வரப்போரம் கொட்டி, அதற்கும் தீ வைப்போம். வெயிலும் மழையும் நம் வியர்வையும் சேர்ந்து விளைவித்ததில் பாதியை நாமே எரித்துவிட்டு, விளைச்சல் போதவில்லை என்று வருந்தியவர்கள் நாம்.

அதே சோகை, அதே தோல் இன்று பொடியாகிறது, அச்சில் அழுந்துகிறது, முன்கைத் தடிமனில் கட்டையாக வெளியே வருகிறது. வயலில் எரிந்தால் அது வெறும் புகை. பாய்லரில் எரிந்தால் அது ஆவி. அந்த ஆவியில் தண்ணீர் சூடாகிறது, அந்தச் சூட்டில் மாட்டுத்தோல் பதமாகிறது, அந்தத் தோல் ஷூவாகிக் கப்பல் ஏறுகிறது. அந்த பாய்லருக்காக வெட்டுப்பட வேண்டிய மரம் வெட்டுப்படாமல் நிற்கிறது. இதைவிட ஓர் உழவருக்குப் பெருமை உண்டா?

இந்தக் கட்டைக்குப் பசை கிடையாது. அழுத்தத்தில் எழும் சூட்டில் அதற்குள் இருக்கும் பொருளே இளகி அதைப் பிடித்துக்கொள்கிறது. அது கேட்பது ஒன்றே ஒன்று. சரக்கு காய்ந்திருக்க வேண்டும்.

இந்த ஒன்றை நாங்கள் எப்படிக் கற்றோம் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆலை தொடங்கிய இரண்டாம் நாள். பூவம்மாள் அக்கா பதினாறு ஆண்டுகள் தோல் பதனிடும் டேனரியில் தோல் பார்த்துவிட்டு, பிறகு கழனிக் கூலிக்கு வந்தவர். விறைத்துக் காய்ந்த தோலை அப்படியே இயந்திரத்தில் கொடுத்தால் வெடித்துவிடும். தண்ணீர் தெளித்து, மூடி வைத்து, இளகியபின்தான் கொடுப்பார்கள். அந்தக் கை கரும்புச் சோகைப் பொடியைத் தொட்டுப் பார்த்தது. "இன்னா மா இது, இப்படிக் காஞ்சி கெடக்குது? அமுக்குனா ஒடஞ்சி பூடும். கொஞ்சம் தண்ணி காட்டணும்" என்றார். இரண்டு பக்கெட் தண்ணீர் தெளித்தார். முறுக்கு மாவுக்கும் வறட்டிக்கும் தண்ணீர் வேண்டும் என்று அறிந்த எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அச்சுக்குள் போன ஈரம் ஆவியானது. வெளியேற வழி இல்லாத ஆவி என்ன செய்யும்? பட்டாசுபோல் வெடித்தது. கட்டை துண்டுதுண்டாகத் தெறித்தது. உடையாமல் வந்தவற்றைப் பொறுக்கி வாணியம்பாடிக்கு அனுப்பினோம். மறுநாள் காலை நவீத் பாய் போனில் அழைத்தார். "கட்டை கேட்டா புட்டு அனுப்பியிருக்கீங்களேம்மா. தேங்காப்பூவையும் அனுப்பியிருந்தா நாஷ்டாவாவது முடிச்சிருப்பேன்."

சிரிக்கிறீர்கள். நவீத் பாயும் சிரிக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை. பாய்லரில் ஆவி அழுத்தம் இறங்கி, அரை நாள் தோல் வேலை நின்று, முதலாளியிடம் பேச்சு வாங்கியவர் அவர். இன்னொரு முறை இப்படி நடந்தால் மறுபடியும் விறகுதான் என்று டேனரியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் இன்றைக்கும் நிற்கிறது.

பழி பூவம்மாள் அக்காமேல் விழுந்தது. அவையோரே, அதில் பாதி என்னுடையது. இயந்திரத்தோடு வந்த கையேட்டை நான் படித்திருந்தேன். ஈரம் கூடாது என்று அதில் இருந்தது. என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் வயதில் மூத்தவர் பக்கெட்டைத் தூக்கியபோது வாய் திறக்காமல் நின்றேன். விசாரித்தபோதும் வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

அன்று அக்கா இடிந்து உட்காரவில்லை. "தோலுக்கு எவ்ளோ ஈரம் வேணும்னு தெரிஞ்ச கைக்கு, இதுக்கு எவ்ளோ வேணாம்னு தெரியாதா? ஒரு வாரம் குடு" என்றார். ஒரு வாரம் கொடுத்தோம். இன்று வண்டி வந்தால் முழங்கை வரை கையை உள்ளே விடுகிறார். ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் வைக்கிறார். சொல்லிவிடுகிறார். ஒருநாள் ஈரம் அளக்கும் மீட்டர் சரி என்றது, அக்கா ஈரம் என்றார். கொட்டிப் பார்த்தோம், நடுவில் நசநசவென்று இருந்தது. "மீட்டரு மேலாப்புல பாத்துச்சி, நான் வயித்துல பாத்தேன்" என்றார். அந்த வாரத்துக்குப் பிறகு வாணியம்பாடியிலிருந்து ஒரு கட்டையும் திரும்பி வரவில்லை. உண்மைதானே நவீத் பாய்? தலையாட்டுகிறார்.

இப்போது தீர்மானத்தைக் கொண்டுவந்த பெருமாள் மாமாவிடம் வருகிறேன். மாமா, கோபம் வேண்டாம். போன மாதம் உங்கள் டிராக்டர் வந்தது. "ஈரம்ங்க, திருப்பிக்கினு போங்க" என்றார் அக்கா.

"என் வண்டியத் திருப்ப நீ யாரு?"

"நான் யாரா இருந்தா இன்னாங்க? சரக்கு நனஞ்சிருக்குது."

"கொளுத்தினாலும் கொளுத்துவனே தவிர உங்கிட்ட குடுக்க மாட்டேன்."

சொன்னபடியே மாமா கொளுத்தினார். பிறகு நடந்ததை மாமாவின் மனைவி வள்ளியம்மாள் அத்தையே ஆலைக்கு வந்து சொன்னார். "மூணு நாளாப் பத்த வெக்கிறாரு, பத்தவே மாட்டேங்குது. பொகஞ்சிக்கினே கீது. ஒரே பேஜாரு. அந்தம்மா சொன்னது சரிதான், மேடையிலயே சொல்லு." தாய்மார்கள் பக்கம் கைதட்டல் கேட்கிறது. அத்தை, நீங்களா? சொல்லிவிட்டேன்.

பெரியோர்களே, சரக்கு ஈரமா இல்லையா என்பதை அந்தத் தீயே சொல்லிவிட்டது. அப்படியானால் நம் வருத்தம் எதில்? ஆறு பேர் பேசினார்கள். ஒருவராவது அக்கா தவறாகச் சொன்னார் என்றாரா? "நேத்து வரைக்கும் நம்ம கழனியில கூலிக்கு மல்லாட்டை பறிச்சவ" என்றார் ஒருவர். "காணி நிலம் இல்லாதவ நிலக்காரன் வண்டியத் திருப்பறதா" என்றார் இன்னொருவர். அந்தச் சொற்கள் பந்தல்கால் வரை கேட்டிருக்கும்.

வண்டி யாருடையது என்று அச்சு கேட்குமா? நிலம் எத்தனை ஏக்கர் என்று பாய்லர் கேட்குமா? பெரியவர் வீட்டு ஈரமும் வெடிக்கும், ஏழை வீட்டு ஈரமும் வெடிக்கும். முகம் பார்த்து வண்டியை உள்ளே விடும் ஒருவரை அந்த வாசலில் நிறுத்தினால், முதலில் மாமாவின் வண்டி போகும், பின்னால் மச்சானின் வண்டி போகும், அதற்குப் பின்னால் நம் ஆலை போகும். மறுபடி மரம் விழும். மறுபடி வயலில் புகை எழும். எந்த வண்டிக்கும் முகம் பார்க்காத ஒரு கை நமக்குக் கிடைத்திருக்கிறது. அதையா நீக்கப் போகிறோம்?

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "நீக்கினா நீ இன்னா பண்ணுவே?"

நல்ல கேள்வி. சொல்கிறேன் அண்ணா. அச்சை ஓட்டும் பொத்தான் என் கையில் இருக்கிறது. அக்காவின் கை படாத சரக்குக்கு அந்தப் பொத்தானை அழுத்த மாட்டேன். அதற்காக என்னையும் நீக்கலாம். எட்டாவது தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை தெரிந்தே சும்மா நின்றேன். இனி அந்தத் தவறு என்னால் நடக்காது.

பூவம்மாள் அக்காவுக்கு இந்த அவையில் கை உயர்த்தும் உரிமை இல்லை. எனக்கு இருக்கிறது. அரை ஏக்கர் அளவுக்குத்தான் இருக்கிறது. தலைவர் ஐயா, தீர்மானத்துக்கு எதிராக இதோ என் கை. ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் ஒரு கை எழுந்திருக்கிறது. இங்கிருந்து முகம் தெரியவில்லை, வளையல் தெரிகிறது. இரண்டு. அதோ நடுவில் மூன்று. ஐயா, நீங்கள் எழுந்து நின்றால்தான் எண்ண முடியும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. இறக்காத என் கையோடு உங்களுக்கு என் வணக்கம்.