மூன்றாவதில் நின்றவர்

— இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. ருக்குன் நெகாரா, முதல் கோட்பாடு?

— கெபெர்ச்சாயான் கெபாடா துஹான்.

— ஆஹ், கரெக்ட், கடவுள் நம்பிக்கை. ரெண்டாவது?

— அதோட நின்னு போச்சு. அடியே ரூபினி, சிடாம் கிரியில காடி ஏறுனதுலேருந்து இதே பாட்டு. வாய் வலிக்குதுடி.

— உள்ள போனா பதிவிலாகா ஆபீசர் கேப்பாருல. நாட்டோட அஞ்சு கோட்பாட்டையும் மலாய்ல சொன்னாதான் நீல ஐசி கார்டு, குடியுரிமை. எழுபது வயசுலயும் குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசியோட சுத்தணுமா?

— சுத்தினா என்ன இப்ப? நான் பொறந்தது சிடாம் கிரி ரப்பர் தோட்டத்துலதான். பொறப்பப் பதிஞ்சு சூரா எடுக்காம விட்டாங்க, அதனால செவப்பு. உங்கப்பா அறந்தாங்கியிலேருந்து கப்பல்ல வந்தவரு, அவருக்கும் செவப்பு. புருசன் பொண்டாட்டி ஒரே கலரு, கல்யாணப் பொடவ கலருன்னு சொல்வாரு.

— அப்பா எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பாரு லா.

— பன்னெண்டு வயசுல சித்தப்பன் கையப் புடிச்சிட்டு வந்தாரு. மரம் சீவுனாரு, தோட்டத்த வித்தப்புறம் பள்ளிக்கூட வேன் ஓட்டுனாரு. நான் கையுறை பேக்டரிக்கு காலை ஷிப்டு போனா உங்க மூணு பேருக்கும் ரெட்டச் சடை யாரு பின்னி விட்டா?

— ஐயோ, அந்தச் சடை! ஒண்ணு காதுக்கு மேல, ஒண்ணு கழுத்துக்குக் கீழ. கிளாஸே சிரிக்கும். ஆனா ரிப்பன் மட்டும் சாயங்காலம் வரைக்கும் அவுராது.

— ஆடு கட்டுற முடிச்சுடி அது. ஊர்ல ஆடு மேச்ச கை.

— சரி, பேச்ச மாத்தாதீங்க. ரெண்டாவது?

— விடுடி. திரும்பிப் போயிடுவோம்.

— என்னம்மா இது! லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.

— மூணு வாட்டி இதே மாதிரி நாற்காலியில அவரும் நானும் உக்காந்தோம். மூணு வாட்டியும் மூணாவது கோட்பாட்டுல நின்னுட்டாரு. வேன் நெறைய மலாய்க்காரப் புள்ளைங்கள மலாய்லயே அதட்டிக்கிட்டு வந்த மனுசன், உள்ள போனா ஊமை. அவரு போயி இன்னும் வருசம் ஆவல. அவருக்குக் கெடைக்காதத நான் பாஸாகி வாங்குனா, அவர அவமானப்படுத்துற மாதிரி இருக்குடி எனக்கு.

— நீங்க மட்டும் என்னவாம்? பக்கத்து வீட்டு மக்சிக் ஹலீமாகிட்ட மணிக்கணக்கா மலாய்ல வம்பளக்குறீங்க. இங்க வந்தா மட்டும் ரெண்டாவதுல நின்னுடுறீங்க.

— வம்புக்கு யாரும் மார்க்கு போடுறாங்களா?

— அம்மா, ஒண்ணு சொல்றேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தாரு.

— என்னடி?

— ஆஸ்பத்திரியில கடைசி வாரம், மலாய்க்கார நர்ஸுகிட்ட அஞ்சையும் கடகடன்னு ஒப்பிச்சாரு. ஒரு வார்த்த பிசகல. பெறகு ஏம்ப்பா ஃபெயிலானீங்கன்னு கேட்டேன்.

— என்னா சொன்னாரு?

— “உங்கம்மா ரெண்டாவதத் தாண்ட மாட்டேங்குறா. நான் மட்டும் நீல ஐசிய வாங்கிட்டு வந்து அவ முன்னாடி எப்படி நிக்கிறது?”ன்னு.

— அப்படியா சொன்னாரு?

— அப்படியேதான். ஏம்மா, அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?

— பாவி மனுசன்! மூணு வாட்டியும் வெளிய வந்ததும் மீ கோரெங் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, “அடுத்த வாட்டி பாத்துக்கலாம் நவமணி”ன்னு அவரு முட்டைய எடுத்து என் தட்டுல வச்சாரேடி!

— அதான் சொல்றேன். அப்பா தோக்கவே இல்ல. நீங்க பாஸானா அவருக்கு சந்தோசந்தான். அங்க பாருங்க, நம்ம நம்பரு வந்துடுச்சு. எழுந்திரிங்க. உள்ள போறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவத மட்டும் ஒரு வாட்டி சொல்லிப் பாருங்கம்மா, ப்ளீஸ்.

— கெசெத்தியான் கெபாடா ராஜா டான் நெகாரா. மூணாவது, கெலுஹூரான் பெர்லெம்பாகான். நாலு, அஞ்சும் சொல்லவா?

— அம்மா! இது எப்பத்திலேருந்து தெரியும்?

— இருவது வருசமா. வீட்டுல ஒப்பிக்கிறப்ப உங்கப்பா மூணாவதுல திக்குனாருடி. அவரத் தாண்டிப் போயிடக் கூடாதேன்னு நான் ரெண்டாவதுலயே நின்னுக்கிட்டேன்.