முன்னால் இழுத்த சக்கரம்

முழங்கால் போடுகிற இந்தப் பலகையை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது, சாமி. போன வருஷத்தைவிட ஒரு விரல் உயரம். மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துக் கண்ணே அளவுகோலாகிவிட்டது. ஒரு விரல் சின்ன விஷயம்தான், ஆனால் முழங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

வருகிற பாஸ்குத் திருநாளுக்கு நானும் தம்பி ஆரோக்கியநாதனும் ஒன்றாகத் தேவநற்கருணை வாங்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக் கூடாது. அதற்குத்தான் வந்தேன். என்னை உங்களுக்குத் தெரியும். சாந்தோமில் காஸ்பர் வாத்தியார் வீடு எது என்று கேட்டால் குப்பத்துக் குழந்தைகூடக் கையைக் காட்டும். அம்மா போனபோது ஆரோ நடை பழகாத பிள்ளை. என் விரலைப் பிடித்துத்தான் நடந்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊர் அதைத் தியாகம் என்று பேச ஆரம்பித்த பிறகு, வேண்டாம், எனக்கும் ஒரு பெண் பாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆரோவுக்கு வாங்கிக் கொடுத்தேன். மவுண்ட் ரோட்டில் பறப்பதற்கென்று செய்த வண்டி. இவனுக்கோ ரோடு பிடிக்காது. அடையாற்று முகத்துவாரத்து மணல், ஊரூர் தாண்டிய சவுக்குத் தோப்பு, திருவான்மியூர்ப் பக்கத்துப் பனங்காடு, இங்கேதான் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் துரைமார்களும் ஆங்கிலோ-இந்தியப் பையன்களும் அங்கே போட்டி வைப்பார்கள். வேகத்துக்கு அதில் மதிப்பில்லை. கால் ஊன்றாமல், எஞ்சின் நின்றுவிடாமல், மரத்துக்கு மரம் வளைந்து வெளியே வருகிறவன்தான் ஜெயித்தவன்.

முதல் தடவை தோப்புக்குள் போனவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மெதுவாகப் போனால் எஞ்சின் இருமி நின்றுவிடுகிறது, முறுக்கினால் மரத்தில் போய் முட்டுகிறது. கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டி அது கருகிய நாற்றம் சட்டையெல்லாம். அழுதுவிடுவான் போலிருந்தான். நான் யோசித்துப் பார்த்தேன். எஞ்சின் பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் கட்டி இழுப்பது செயின். முன்னால் பல்லைக் குறைத்தால் ஓட்டம் குறையும், இழுவை கூடும். காட்டுக்கு வேண்டியது இழுவைதானே. சிந்தாதிரிப்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் இனாயத்திடம் சொல்லிச் சின்னதாக ஒன்று கடைந்து வாங்கி நானே மாட்டினேன். அடுத்த ஞாயிறு ஆரோ தோப்புக்குள் நுழைந்து, தண்ணீருக்குள் போன மீன் மாதிரி வளைந்து நெளிந்து அந்தப் பக்கம் வந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவனுக்குத்தான். கை தட்டுகிறவர்கள் பல்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, சாமி. வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் மரக் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் நின்றிருக்கிறார். பர்மாக் காட்டில் தேக்கு வெட்டுகிற கம்பெனி. மரம் வெட்டுகிற கூப்புக்குக் கூப்பு போய்க் கணக்குப் பார்த்துவர, காட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஆரோவைப் பிடித்துக்கொண்டார். போன பாஸ்கு முடிந்ததும் அடுத்த தெரு கிளாடிஸோடு கல்யாணம், கையோடு ரங்கூனுக்குக் கப்பல் என்று ஏற்பாடு. என்னைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "அண்ணே, நீ போட்ட கியர்தாண்ணே எனக்கு இனிமே சோறு போடப் போவுது."

எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடவேண்டியதில்லை. நான் பூட்டிய சக்கரத்தில் ஏறி என்னை விட்டுப் போகிறான். போகிறேன் என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுணக்கமாவது தெரிந்திருக்கலாம். தெரியவில்லை. கிளாடிஸ் வேறு, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவோம், அத்தான்" என்று எனக்கு மிட்டாய் கொடுப்பது போலச் சொன்னாள். நல்ல பெண்தான். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

கப்பலுக்கு முன்னால் கடைசியாக ஒரு போட்டி. இந்தத் தடவை தோப்போடு முடியவில்லை. பரங்கிமலையின் பின்புறச் சரிவில் ஏற வேண்டும். படிக்கட்டில் நாம் ஜெபம் சொல்லிக்கொண்டு ஏறுகிற பக்கம் அல்ல, சரளைக்கல்லாகக் கிடக்கிற பக்கம். நான் மறுபடி இனாயத்திடம் போனேன். பின்சக்கரத்துக்கு இன்னும் பெரிய பல்சக்கரம் கேட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, முன்னாடி கொறச்சாச்சு, பின்னாடியும் ஏத்தணுமா? இழுவ ஓவராப் பூடும். மேட்ல ஏறசொல்லோ முறுக்குனா வண்டி மூஞ்சியத் தூக்கிக்கும். போட்டே ஆவணும்னா செயின்ல கண்ணி சேத்துக்கோ. இல்லாகாட்டி சக்கரம் முன்னாடி வந்துக்கும், வண்டி குட்டையாப் பூடும், ஆளோட மல்லாந்துக்கும்."

"சேர்த்துவிடுகிறேன்" என்றேன். கண்ணிகளையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்தப் பொட்டலம் இன்னும் என் மேஜை இழுப்பறையில், வண்ணப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய சக்கரத்தைப் பூட்டினேன். செயின் எட்டவில்லை. பின்சக்கரத்தை எவ்வளவு தூரம் முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, நட்டை முறுக்கினேன். ஒரு நட்டுகூடத் தளர்வாக விடவில்லை. வேலையில் குறை வைப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஆரோ பார்த்துவிட்டான். அவனும் கண் உள்ளவன்தான். "என்னண்ணே, பின்சக்கரம் முன்னாடி வந்தாப்ல இருக்கு?"

"மரத்துக்கு நடுவுல சட்டுனு திரும்பும்டா" என்றேன்.

பொய் இல்லை, சாமி. குட்டையான வண்டி சட்டென்று திரும்பும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தோப்பில் அன்று அவனைப் போல யாரும் திரும்பவில்லையாம். மலையடிவாரத்துக்கு வந்தபோது அவன்தான் முதல். நான் சரிவுக்குக் கீழே, கூட்டத்துக்கு முன்னால் நின்றேன். அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பிறகு முறுக்கினான்.

முன்சக்கரம் எழும்பியது. எழும்பிய சக்கரம் இறங்கவில்லை. வண்டி அவனைக் கீழே போட்டுவிட்டு அவன்மேல் விழுந்தது. நான்தான் முதலில் ஓடினேன். இடுப்பு நொறுங்கியிருந்தது. "நான்தான் அவசரப்பட்டு முறுக்கிட்டேண்ணே, வண்டிமேல தப்பில்ல" என்றான். அந்த நிலைமையிலும் என் வேலையைக் குறை சொல்லாமல் இருக்கப் பார்த்தான். நான் அழுதேன். நடிக்கவில்லை.

கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கப்பல் போகட்டும், வேலை வேறு ஆளுக்குப் போகட்டும், இவன் வீட்டில் கிடக்கட்டும். இடுப்பு என் கணக்கில் இல்லை. சரளைக்கல் மேட்டில் எந்த எலும்பு முறிய வேண்டும் என்று அளந்து சொல்ல ஒரு சித்திர வாத்தியாரால் முடியுமா?

பெரிய ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான்தான் குளிப்பாட்டுகிறேன், சோறு ஊட்டுகிறேன், மலம் எடுக்கிறேன். பழையபடி ஆகிவிட்டது. மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள் காசு வாங்க மாட்டேன் என்கிறாள். "ஒன்னிய மாரி அண்ணன் எவனுக்குக் கெடைப்பான் வாத்யாரே, மாதாவே ஒன் ரூபத்துல வந்து கீறா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் மீனை வாங்கிக்கொள்கிறேன். வஞ்சிரம். அவனுக்குப் பிடிக்கும்.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. பல்சக்கரத்துக்காக, முன்னால் இழுத்த பின்சக்கரத்துக்காக, இனாயத்திடம் சொன்ன பொய்க்காக. இனி எந்த வண்டியையும் தொட மாட்டேன். வண்டியையே விற்றுவிட்டேன்.

கிளாடிஸ் வராமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தினமும் வருகிறாள். அவனைக் கட்டிலில் உட்காரவைத்தாள், பிறகு நிற்கவைத்தாள். கட்டை ஊன்றி நடந்துவிடுவான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஏஜெண்டும் நல்ல மனுஷன். காடு வேண்டாம், ரங்கூன் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதட்டும், தானாக நடந்து கப்பல் ஏறினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

ஊன்றுகோல்களைக் கடையில் வாங்க வேண்டாம் என்றேன். நல்ல தேக்கில் நானே செய்தேன். அக்குளில் உறுத்தாமல் பஞ்சு வைத்துத் தைத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கையால் தடவிப் பார்க்கிறார்கள். ஊன்றி நடக்கும்போது மட்டும் ஏனோ இடது பக்கம் சாய்ந்து விழுகிறான். தன் இடுப்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறான். கிளாடிஸும் அப்படித்தான் நினைக்கிறாள்.

இல்லை, சாமி, வேறு பாவம் ஒன்றும் இல்லை. இடது கட்டை ஒரு விரல் குட்டை. அது மரவேலை, அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அபராதமாக எத்தனை ஜெபம் என்று சொல்லுங்கள், நான் சீக்கிரம் போக வேண்டும். இன்றைக்கு யார் துணையும் இல்லாமல் வாசல்வரை நடந்து பார்க்கப்போவதாகச் சொன்னான். விழும்போது பிடிக்க அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.